லயத்துச் சுவரில் ஓர் ஓட்டை

இணையக் கேபிளுக்காக இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வெளிச்சுவரில் விரல் பருமனுக்கு ஓர் ஓட்டை போட்டோம்.

அரைமணி நேரத்தில் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா வந்துவிட்டார்.

"யாரக் கேட்டும்மா ஓட்ட போட்டீங்க? இது தோட்டத்துச் சுவரு. கேபிளக் கழட்டுங்க."

வீட்டிலிருந்தே செய்யும் என் வேலை திங்கட்கிழமை ஆரம்பம். கேபிள் இல்லையென்றால், எட்டு மாதப் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போக வேண்டும். துணிந்து சொன்னேன்:

"செவரு வெடிச்சு ஒழுகுதுன்னு சொன்னப்ப, 'ஒங்க வீடுதானே, நீங்களே பூசிக்கங்க'ன்னீங்க. பூசுனவங்கதாங்கய்யா ஓட்டையும் போட்டோம்."

அனுமதி கேட்டுத் தோட்ட மேலாளரான துரைக்குக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

எழுதிவிட்டேன். அந்த ஓட்டை வழியாகத்தான் மெயிலில் போயிருக்கிறது.

உங்கள் லயத்துச் சுவர் யாருடையது, மக்களே?