துலுக்கானம் உறுதிமொழி சொன்ன காலை

பூந்தமல்லி போக வேண்டியிருந்தால் துலுக்கானம் திருமழிசைக்கு டிக்கெட் எடுப்பார். வழியில் பூந்தமல்லியில் இறங்கிக்கொள்வார். 'ப' அவருக்கு வராது. உதடு மூடும், மூடினால் திறக்காது. கண்டக்டர் காத்திருப்பார், பின்னால் நிற்பவர் இடிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும். அதற்குத் திருமழிசை தேவலை.

'ப' வராமலே வாழ ஒரு மனிதன் பழகிக்கொள்ளலாம். பரோட்டாக் கடையில் தோசை சாப்பிடலாம். பழனியை 'முருகன் ஊரு' எனலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில், அவர் வேலை செய்யும் கம்பெனியில், தகடு அடிக்கும் பிரஸ் மெஷினை அவர் 'நம்ம ஆளு' என்பார். எல்லாரும் அதை அன்பு என்று நினைத்திருந்தார்கள்.

சிக்கல் உதயகுமாரால் வந்தது. அவர் ஷிப்ட் மேனேஜர், துலுக்கானத்தைவிட வயதில் சின்னவர்.

"அண்ணா, லைன் லீடர் போஸ்ட் காலியாவுது. வேலை தெரிஞ்சவர் நீங்கதான். ஆனா லீடர்னா காலையில எல்லார் முன்னாடியும் பாதுகாப்பு உறுதிமொழி சொல்லணும். அடுத்த மாசம் மொத திங்கட்கிழமை சொல்லுங்க. முடியாதுன்னா உங்க ஜூனியர் நிர்மலுக்குக் குடுத்துடுவேன், கோச்சுக்காதீங்க."

இதற்கு முன் இரண்டு முறை வந்த வாய்ப்பைத் துலுக்கானமே வேண்டாம் என்றிருந்தார். இரண்டு முறையும் தன்னிடம் வேலை கற்றவர்களுக்குக் கீழே நின்றார். இந்த முறை தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் தலையைத் திட்டிக்கொண்டே வந்தார்.

சேக்காட்டில் இருந்த வீட்டில் மனைவி சொர்ணம் சிரித்தாள். "தலைய ஆட்டிக்கினு வந்துட்டியா? வாய யாரு ஆட்டுறது?" பிறகு அவளே விசாரித்து, திருவேற்காட்டில் பேச்சுப் பயிற்சி தரும் வர்ஷாவிடம் அழைத்துப் போனாள்.

வர்ஷா முதலில் காரணம் கேட்டாள். துலுக்கானத்திடம் காரணம் தயாராக இருந்தது. சின்ன வயதில் ஓர் எருமை துரத்தியது. பயத்தில் நாக்கு இழுத்துக்கொண்டது. வீட்டில் எல்லாரும் சொன்னது அதுதான். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். ஒன்றை விழுங்கியும் இருக்கிறார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது திக்குமா?"

"எங்க சித்தப்பாவுக்கு. அவரு மகனுக்கும்."

"அவங்களையும் எருமை துரத்துச்சா?"

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிறையப் பேருக்கு இது குடும்பத்தில் வருவது என்றாள் வர்ஷா. பேச்சுக்கு மூளை கொடுக்கும் உத்தரவும் வாய் அசையும் நேரமும் சிலருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. சின்னக் குழந்தைகள் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். பயத்தால் திக்கல் வருவதில்லை. இருக்கிற திக்கலைப் பயம் கூட்டும். சொல்லைவிட்டு ஓட ஓட அந்தப் பயம் வளரும். மாத்திரை போட்டு அழிக்கிற விஷயமில்லை. சமாளிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சொர்ணம் சொன்னாள்: "இத்தினி வருசமா அந்த எருமைய திட்டினியே, பாவம்யா அது."

பயிற்சி எளிமையாகத்தான் இருந்தது, செய்வதுதான் கஷ்டம். மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே தொடங்க வேண்டும். உதட்டை அழுத்தாமல் பட்டும் படாமலும் வைத்து முதல் ஒலியை இழுக்க வேண்டும். திக்கினால் சொல்லை மாற்றக் கூடாது, அங்கேயே நின்று முடிக்க வேண்டும். சில சமயம் வேண்டுமென்றே திக்க வேண்டும். இதுதான் துலுக்கானத்துக்கு விளங்கவில்லை. "காசு குடுத்து திக்க கத்துக்கறேன்" என்றார். திக்கினால் உலகம் இடிந்து விழாது என்று வாய்க்குத் தெரியட்டும் என்றாள் வர்ஷா. கடைசியாக ஒன்று: பேசும் முன்பே, எனக்குத் திக்கும் என்று சொல்லிவிட வேண்டும். ஒளித்து வைப்பதில்தான் பாதி மூச்சு போகிறது.

டீக்கடையில் தினமும் பட்டர் பன் கேட்டுப் பழகினார். கேட்ட பிறகு தின்னாமல் இருக்க முடியுமா? வாய் திறந்ததோ இல்லையோ, தொப்பை வந்தது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது. காலை ஆறு மணி ஷிப்ட். மஞ்சள் கோட்டின் மேல் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். வழக்கம் இதுதான்: முன்னால் நிற்பவர் உறுதிமொழியைத் துண்டு துண்டாகச் சொல்வார், மற்றவர்கள் வலது கையை நீட்டியபடி அப்படியே திருப்பிச் சொல்வார்கள். பாதித் தூக்கத்தில் சொல்வார்கள். பல வருடப் பழக்கம்.

துலுக்கானம் முன்னால் வந்தார். எனக்குத் திக்கும் என்று முதலில் சொல்ல வேண்டியது மறந்தே போயிற்று. கையை நீட்டிவிட்டார்.

"இன்று என்..."

"இன்று என்..."

உதடு மூடியது. மூச்சை விட்டார். இழுத்தார்.

"பா... பா... பாதுகாப்புக்கு..."

"பா... பா... பாதுகாப்புக்கு..." என்றது மொத்த வரிசையும். அதே இடைவெளி, அதே இழுப்பு.

பிறகு எல்லாருக்கும் விழிப்பு வந்தது. முன்வரிசையில் நாகப்பனின் நீட்டிய கை காற்றில் நின்றது. அப்துல் ரசாக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துலுக்கானம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் கேலி இல்லை. திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர்களைப் போல நின்றார்கள். அவர் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. தோள் குலுங்கியது. அதைப் பார்த்து நாகப்பன் வெடித்தார், அப்புறம் வரிசையே சரிந்தது.

"எனக்குத் திக்கும்" என்றார் துலுக்கானம், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அத நான் பா... பாத்துக்கறேன். நீங்க திக்க வேணாம்."

"மன்னிச்சுக்க மாமே, சத்தியமா தூக்கத்துல வந்துட்சு" என்றார் நாகப்பன்.

மறுபடி கை நீண்டது. 'பாதுகாப்பு' என்ற சொல் கடந்தது. 'உடன் நிற்பவர்கள்' என்பதும் கடந்தது. கடைசிச் சொல் 'பொறுப்பு'. அங்கே உதடு நன்றாகவே ஒட்டிக்கொண்டது. 'கடமை' என்று மாற்றிவிடலாம். நாக்கு நுனி வரை அது வந்தது. அவர் மாற்றவில்லை. நின்றார். அவர்களும் நின்றார்கள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை.

"...பொறுப்பு."

"பொறுப்பு!" கூரைத் தகடு அதிர்ந்தது.

உதயகுமார் வந்து, லீடருக்கான பச்சைப் பட்டையை அவர் கையில் கட்டினார். "நாளைக்கும் நீங்கதாண்ணா. கொஞ்சம் சீக்கிரமா ஆரம்பிச்சிடலாம்."

வரிசை கலைந்தது. துலுக்கானத்தின் பார்வை நாகப்பனின் காலில் விழுந்தது. ரப்பர் செருப்பு.

"யோவ், பூ... பூ... பூட்ஸ் எங்கய்யா?"

"ஐயோ, லாக்கர்ல கீது மாமே" என்று நாகப்பன் ஓடினார். "லீடரா வந்த மொத நாளே அதட்டறான்பா இவன்!"