மஞ்சள் கவுன் படமும் நான் அமுக்கிய கண்ட்ரோல் எஸ்ஸும்

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், போட்டோ பிரிண்ட் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பாதிக் காலம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்: “ஒரிஜினல் குடுங்க.” யாரும் கொடுப்பதில்லை. மாமா அனுப்பி, சித்தி சேமித்து, மறுபடி அனுப்பி, நாலு கை மாறிய படத்தைக் கொண்டுவந்து ஆளுயர பேனர் கேட்பார்கள். படத்தைப் படமாக அனுப்பினால் ஆப் அதைச் சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் தொடாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

ஒரு அம்மா ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிஎன்ஜியாகக் கொண்டுவந்தார். ஃபைல் சைஸ் பெரிதாகிவிட்டதாம், அதனால் படமும் தெளிவாகிவிட்டதாம். தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் போனில் பேட்டரி பதினோரு சதவீதம்.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைப் போல எரிந்து விழுவதற்கு முன்னால் படித்துக்கொள்ளுங்கள்.

துணிக்கொடி

வீரமணி கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை இருக்கும் தேக்காவுக்கு வந்தால் கடையில் எட்டிப் பார்ப்பார். போனில் நன்றாகப் படம் எடுப்பார். ஆனால் அனுப்பத் தெரியாது, அதற்காக என்னிடம் ஏகப்பட்ட திட்டு வாங்கியிருக்கிறார்.

ஒருநாள் ஒரு படம் காட்டினார். அவர் தங்கும் டார்மிட்டரியின் துணிக்கொடி. கிரீஸ் கறை போகாத நீல கவரால் உடுப்புகள் வரிசையாகத் தொங்க, நடுவில் இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு மஞ்சள் கவுன். மகளுக்கு வாங்கியது. புதுத்துணி அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் இங்கேயே அலசிக் காயவைத்து அனுப்பினாராம். பார்த்துவிட்டு நான் திட்டவில்லை. அது எனக்கு அபூர்வம்.

அப்போது ஒரு போட்டோ பகிரும் தளத்தில் போட்டி அறிவித்திருந்தார்கள். நானே போடுகிறேன் என்றேன். அவர் போன் நிரம்பி வழிந்தது. எல்லாப் படத்தையும் எடுத்துவிட்டு போனைக் காலி செய்து தரச் சொன்னார். கேபிள் போட்டு மொத்தத்தையும் கடை கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். தளம் இரண்டு எம்பிக்கு மேல் வாங்காது, இவர் படமோ ஒன்பது எம்பி. ரெசல்யூஷனையும் குவாலிட்டியையும் குறைத்து அப்லோட் செய்தேன்.

திங்கள் மதியத்துக்குள்

படம் தேர்வானது. ஆறடி அகலத்துக்கு பிரிண்ட் போட்டு கண்காட்சி ஹாலில் மாட்டுவோம், திங்கள் மதியத்துக்குள் ஒரிஜினல் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த படத்துக்கு இடம் போய்விடும் என்று மின்னஞ்சல் வந்தது. வீரமணிக்கு ஒரே ஆசை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று வீடியோ காலில் மகளுக்குக் காட்டவேண்டும்.

ஞாயிறு காலை ஃபைலைத் திறந்து பெரிதாக்கினேன். கவுன் கட்டம் கட்டமாக உடைந்தது. எனக்கு வந்ததே கோபம். உடனே போன் செய்தேன்.

“எத்தனை தடவ சொல்றது வீரமணி? இதையும் மெசேஜ்ல வாங்கி சேவ் பண்ணி வச்சிருந்தீங்களா?”

“இல்லக்கா. நான் எடுத்தது அப்படியே போன்லதான் இருந்துச்சு.”

நான் நம்பவில்லை. அவர் பஸ் பிடித்து கடைக்கே வந்து, காலி போனைத் துழாவிவிட்டு, குற்றவாளி மாதிரி கவுண்டர் ஓரம் நின்றார். அப்போதும் நான் ஓயவில்லை. பொறுக்கமுடியாமல் முதலாளி ஹமீது நானா எழுந்துவந்து ஃபைலின் விவரங்களைத் திறந்தார்.

“லதா, இத கடைசியா மாத்துனது நம்ம கம்ப்யூட்டர்லதான்லா. நீ அப்லோட் பண்ண அன்னைக்கு.”

படத்தைச் சுருக்கிவிட்டு, சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் வைக்காமல், பழக்கதோஷத்தில் கண்ட்ரோல் எஸ்ஸை அமுக்கியிருக்கிறேன். ஒரிஜினலின் மேலேயே சுருக்கிய படம் உட்கார்ந்துவிட்டது. போனிலும் இல்லை, கடையிலும் இல்லை.

“தப்பு என்னோடது வீரமணி. ஒரிஜினல நாந்தான் அழிச்சிட்டேன்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. ஊரில் மனைவியைக் கூப்பிட்டார். கவுன் காய்ந்த அன்றே இந்தப் படத்தை அவருக்கு அனுப்பியிருந்தாராம். எனக்கு நம்பிக்கையே இல்லை. மனைவி அதை அப்படியே ஃபார்வர்ட் செய்தார். திறந்தேன். ஒன்பது எம்பி. கவுனின் தையல்நூல் வரை தெரிந்தது.

“டாக்குமெண்டாத்தான்க்கா அனுப்புனேன். நீங்கதான அப்படி அனுப்பச் சொல்லித் திட்டுனீங்க.”

படம் ஹாலில் ஏறியது. வீரமணி பக்கத்தில் நிற்க, வீடியோ காலில் போனைப் பிடித்தது நான்தான்.

ஒரிஜினலுக்கு முதலில் ஒரு காப்பி எடுங்கள், பிறகு கைவையுங்கள். வாடிக்கையாளரைத் திட்டுவதற்கு முன் ஃபைலை மாற்றிய தேதியைப் பாருங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்தவர் ஒரே ஒருவர். அவரைத்தான் நான் நம்பவில்லை.