தற்பெருமை தெரியாத வீடு

படுக்கையறையிலிருந்து தொப்பென்று ஒரு சத்தம். நயேலி கணக்குப் புத்தகத்தைச் சுவரில் வீசியெறிந்திருந்தாள். அதைத் தொடர்ந்து, தலையணையில் புதைந்த விம்மல் கேட்டது.

சமையலறையில் அவள் அம்மா எலாதியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பள்ளி ஆலோசகர் வெரோனிகா பச்சேகோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாம பேசினதைக் கேட்டுட்டா போலிருக்கு, தோன்யா எலாதியா," என்றாள், பெரியவர்களை அழைக்கும் அந்த ஸ்பானிஷ் மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

"கேக்காம என்ன? இந்த வீட்டுச் சுவரு வெறும் அட்டை, டீச்சர். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினா நாங்க இங்கேருந்து 'நூறு வயசு'ன்னு வாழ்த்துறோம். இன்னொரு தடவை சொல்லுங்க. என் பொண்ணை எதுக்குப் பெரிய கணக்கு வகுப்புலேருந்து எடுத்தீங்க?"

"வசதியில்லாத வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தங்களோட படிப்பு மேல எவ்வளவு நம்பிக்கை இருக்குன்னு அளக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். ஸ்பானிஷ்லதான். 'எனக்குக் கணக்கு நல்லா வரும்'னு ஒரு வரி. நயேலி 'கொஞ்சம்கூட உண்மையில்லை'ன்னு குறிச்சுட்டா. 'மத்தவங்களைவிட நான் கெட்டி'. அதுக்கும் அதேதான். நம்பிக்கையில்லாத பிள்ளை அங்கே திணறிடும்னு மெதுவான வகுப்புல போட்டுட்டாங்க."

"அவ மார்க்கு?"

வெரோனிகா சற்றுத் தயங்கினாள். "வகுப்புலேயே முதல் மார்க்கு."

பத்தொன்பது வயதில் மெக்சிகோவின் மிச்சோவாகானை விட்டு வந்தவள் எலாதியா. கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில், பீச் பழங்களைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் நின்றே இளமையைத் தொலைத்தவள். பழத்தின் ரோமம் பட்டுக் கையெல்லாம் அரிக்கும். அந்த அரிப்பையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு நினைப்பில்தான்: நயேலி பெரிய கணக்கு வகுப்பில் இருக்கிறாள், அங்கிருந்துதான் கல்லூரிக்கு வழி. அந்த வழியையா அடைத்துவிட்டார்கள்?

காரணமும் அவளுக்கு விளங்காமல் இல்லை. அவள் பிறந்த தெருவில் தன் வாயால் தன்னைப் புகழ்பவளைக் கண்டால் எவரும் முகம் சுளிப்பார்கள். இங்கேயும் சனிக்கிழமைதோறும் தேவாலய வாசலில் அவள் தமாலே விற்பாள். சோள மடலில் சுற்றி ஆவி பறக்கும் அந்தக் கொழுக்கட்டைக்கு ஊரே வரிசையில் நிற்கும். அப்போதும், "இன்னைக்குச் சரியா அமையலை, மன்னிச்சுக்குங்க" என்றுதான் நீட்டுவாள். "பொய் சொல்லாதே அக்கா, இன்னும் நாலு போடு!" என்று வாங்குபவர்கள் சிரிப்பார்கள். அதுதான் மரியாதை. அதே மரியாதையைத்தான் மகளுக்கும் ஊட்டியிருந்தாள்.

"கல்யாணத்துக்கு வந்த பொண்ணைப் பார்த்து 'நீ அழகியா?'ன்னு கேட்டா அவ என்னத்தைச் சொல்லுவா டீச்சர்? நல்லா வளர்ந்த பொண்ணு இல்லேன்னுதானே சொல்லுவா!"

"எனக்குத் தெரியும் தோன்யா. எங்கம்மாவும் என்னை அப்படித்தான் வளர்த்தாங்க."

அவ்வளவுதான், எலாதியாவின் உடம்பு நெருப்பாய்ப் பற்றிக்கொண்டது.

"தெரியுமா? தெரிஞ்சுமா செஞ்சீங்க? ஒரு வெள்ளைக்கார டீச்சரா இருந்தா, பாவம், தெரியலைன்னு விட்டிருப்பேன். நம்ம பொண்ணுதானே நீங்க! ஏழை வீட்டுப் பிள்ளைன்னா அதோட மனசையும் அளந்து பாக்கணுமா? அளந்துட்டு, அந்த அளவையே அது கழுத்துல கல்லாக் கட்டுவீங்களா?"

வெரோனிகாவின் கண்கள் கலங்கின. "நான் தடுத்திருக்கணும். தடுக்கலை. நாளைக்குக் காலையில அவளுக்கு மறுபடி கேள்வித்தாள் கொடுக்கிறேன். ஆனா அவ பழையபடியே குறிச்சா, அப்புறம் என் கையில ஒண்ணுமில்லை."

எலாதியா விடுவிடுவென்று படுக்கையறைக் கதவைத் திறந்தாள். "வெளியே வா கண்ணு."

நயேலி சிவந்த கண்களோடு வந்து நின்றாள்.

"டீச்சர்கிட்ட சொல்லு. உனக்குக் கணக்கு எப்படி வரும்?"

"ஏதோ... கொஞ்சம்."

"உள்ளதைச் சொல்லுடி!"

"நீதானேம்மா பீத்திக்கக் கூடாதுன்னே!"

"சொன்னேன். அது மனுஷங்ககிட்ட. இவங்க காகிதத்துக்கு நம்ம மரியாதை புரியாது. சொல்லு!"

நயேலி டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக் கணக்கு... நல்லா வரும்." பிறகு எங்கிருந்து வந்ததோ அந்த ஆவேசம்! "நல்லா வரும்! கணக்கு சாரே போர்டுல தடுமாறி நின்னப்போ நான்தான் எழுந்து போய் முடிச்சேன். அங்கே இருக்கிற யாருக்கும் என்னளவுக்கு வராது!"

எலாதியாவுக்குக் காது கூசியது. பெற்ற வயிறோ குளிர்ந்தது. மகளை இழுத்துத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு இதையே குறி, போதும்," என்று வெரோனிகா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நில்லுங்க டீச்சர். இவளை மாதிரியே குறிச்ச மத்த பிள்ளைங்க?"

வெரோனிகா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "நிறையப் பேர் இருக்காங்க தோன்யா. எல்லார் வீட்டுக்கும் என்னால..."

"முடியும். இந்தத் தெருவுலேயே நாலு வீடு இருக்கு. இன்னும் இருட்டலை."

எலாதியாவே வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். வெரோனிகா படியிறங்கி, ஒரு கணம் தன் காரைப் பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள். அவள் அங்கே கதவைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எலாதியா தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள்.