திகதி இல்லாத கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியது நான். சிங்களத்தில், ஒரு பிழை இல்லாமல், என் கையாலேயே எழுதினேன். சொந்தக் காரணங்களால் பிரதேச சபை உறுப்பினர் பதவியிலிருந்து விலகுவதாக. திகதி எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.

வேட்புமனு கொடுப்பதற்கு முந்தைய நாள் அது. எங்கள் சுயேச்சைக் குழுவின் தலைவர் பதுளையில் கடை வைத்திருப்பவர். பட்டியலில் பெண்கள் குறைந்ததால், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒருத்தியை நான்தான் கூட்டி வந்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்; இன்றும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவாள். சிங்களம் பேசுவாள், வாசிக்கத் தெரியாது.

தலைவர் என்னைத் தனியே அழைத்தார். "ஆசனத்துல ஒருத்தரே கடைசி வரைக்கும் ஒக்காந்திருந்தா மத்தவங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கிறதா? எல்லாருகிட்டயும் இப்படி ஒரு கடிதம் வாங்கி வச்சிட்டேன். நீங்க நீட்டினா அந்தப் பிள்ள கையெழுத்துப் போட்டுரும்."

நீட்டினேன்.

"இது என்னங்க சேர்?"

"வேட்புமனுவோட போற தாள்தான். போடும்மா."

போட்டாள். அன்று மாலைக் கூட்டத்தில் எனக்கு மேடையில் நாற்காலி போட்டு, ஆலோசகர் என்று அறிவித்தார்கள். அந்த நாற்காலிக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

குழுவுக்கு ஓர் ஆசனம் கிடைத்தது. சட்டப்படி அதைப் பெண்ணுக்கே கொடுக்க வேண்டியிருந்ததால் அவள் உறுப்பினரானாள். மலையில் கூட வேலை செய்தவர்கள் கேலி பண்ணாமல் விடவில்லை.

"மெம்பரம்மா, கொழுந்து கொறைஞ்சா கங்காணி ஒங்களுக்கும் அரைநாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுவாரா?"

"ஆமாடி, அவரு சபைக்கு வரட்டும், நான் அவருக்குப் போடுறேன்!"

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லயத்து வீடுகளிலிருந்து பெரிய பாதைக்கு வாகனம் போகக்கூடிய ஒரு வழி. அவளுடைய தங்கையைப் பிரசவத்துக்குக் கம்பளியில் கட்டித் தூக்கிப் போனார்கள். பாதி வழியிலேயே தங்கை இறந்துவிட்டாள். ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் இவள் எழுந்து இதையே சொன்னாள். கடைசியில் வழியை அளப்பதற்கு ஆட்கள் வந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் தலைவர் கடிதத்தில் திகதி எழுதித் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்பினார். ஆசனம் பட்டியலில் இருந்த அவருடைய உறவுக்காரப் பெண்ணுக்குப் போனது.

கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு அவள் என் வீட்டுக்கே வந்தாள். "நான் விலகுறேன்னு எழுதிக் குடுத்தேனாம். என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க சேர்."

என் கையெழுத்தை நானே வாசித்தேன். பிறகு, எழுதியது யார் என்பதையும் அன்று அவளிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"வாசிக்கத் தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன். நீங்கதானே குடுத்தீங்க."

மறுநாள் இருவரும் பஸ் ஏறிப் போய்த் தேர்தல் அதிகாரியைப் பார்த்தோம். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார்.

"கையெழுத்து ஒங்களோடதுதானே?"

"ஆமாங்க."

"யாரும் மிரட்டினாங்களா?"

"இல்லீங்க. சேர் குடுத்தாரு, போட்டேன்."

அவர் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். வழக்குப் போடலாம் என்றார். முடிவதற்குள் சபையின் காலமும் முடிந்துவிடும் என்பதை அவரே சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் தனியாக முன் ஆசனத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த சபைக் கூட்டத்துக்கு நான் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். புதிய உறுப்பினர் சத்தியப்பிரமாணம் செய்தார். அந்த வழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.