கழுத்திலிருந்து கையை எடு

இது நடந்தது. நான் அறிவியல் பட்டதாரி. பேய் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது. காலை நேரத்தில், அறுவை அரங்கின் பெரிய விளக்குகளுக்குக் கீழே.

மயக்க மருந்துப் பிரிவில் நான் டெக்னீஷியன். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் தையல்காரம்மா ஒருவர் அறுவை சிகிச்சைக்கு வந்தார். கழுத்தில் கட்டி. "படுத்தா மூச்சு அடைக்குதும்மா, டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். எங்கள் பிரிவின் பெரிய டாக்டர் வந்து பார்க்கவில்லை. போனிலேயே, "தூக்க ஊசியைப் போடு, புலம்பல் நிக்கும்" என்றார். போட்டேன். அந்தம்மாவின் மூச்சு திணறியது. பிறகு நின்றது. கட்டி மறித்ததால் சுவாசக் குழாய் உள்ளே இறங்கவில்லை. இறந்துபோனார்.

'நோயாளி மூச்சுத்திணறலை மறைத்துவிட்டார்' என்று டாக்டர் எழுதினார். விசாரணையில் நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே பெரிய டாக்டர் அறுவை மேசையில் நோயாளியாகப் படுத்திருந்தார். பித்தப்பைக் கல். மயக்கம் கொடுக்க வந்தவர் சின்ன டாக்டரம்மா.

"என்ன ஊமைக்கோட்டான், ஊசி ரெடியா? பாத்து போடும்மா, நான் இன்னும் பேரன் பேத்தி எடுக்கல" என்றார் பெரிய டாக்டர் என்னிடம்.

7:52. தூக்க ஊசி போட்டேன். கண் சொருகியிருக்க வேண்டும். சொருகவில்லை. விரிந்தது. என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அந்தம்மாவை யாரு உள்ள விட்டது?"

திரும்பினேன். வெறும் சுவர்...

7:56. முழு மயக்கம். டாக்டரம்மா முகமூடியை வைத்துக் காற்றுப் பையை அழுத்தினார். நெஞ்சு எழும்பவில்லை.

"கழுத்தை அழுத்தாதே!" என்று டாக்டரம்மா என்னை அதட்டினார்.

சுவாசக் குழாயை இறக்கும்போது சில சமயம் தொண்டையை அழுத்திப் பிடிப்பது எங்கள் வேலைதான். ஆனால் நான் அழுத்தவில்லை. என் வலக்கையில் குழாய். இடக்கையில் சளி உறிஞ்சும் பைப்.

"கையை எடுன்னா!"

"நான் இல்ல டாக்டர்..."

பெரிய டாக்டரின் கழுத்துத் தோல் விரல் பதிந்த மாதிரி குழிந்தது. இருபக்கமும் நான்கு நான்கு குழிகள். நடுவில் இரண்டு.

டிக்... டிக்... மானிட்டரின் ஒலி தாழ்ந்துகொண்டே போனது. ஆக்சிஜன் 84.

71...

58...

"அக்கா," என்றேன், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தையல்காரம்மாவிடம். "விட்டுடுங்க. நீங்க சொன்னதை நான் அவர்கிட்ட சொன்னேன்... அதை விசாரணையில எழுதிக் குடுத்துடறேன்."

குழிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

8:01. குழாய் இறங்கியது.

டாக்டர் பிழைத்தார். அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். அவர் வேலை போயிற்று.

நான்கு நாள் கழித்து, டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அரங்கின் கேமராப் பதிவைக் காட்டினார்.

7:56 முதல் 8:01 வரை பெரிய டாக்டரின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தவை என் இரண்டு கைகள்.

குழாயும் பைப்பும் என் பக்கத்தில், அந்தரத்தில் நின்றன.

பிறகு குழாய் மெல்ல நகர்ந்து டாக்டரம்மாவின் கைக்குப் போனது. அதை நீட்டியது நான் இல்லை...