கடலைக்கொடிப் போர்

மாடு மிரளுகிறதே என்று முகக்கவசத்தைக் கழற்றி, நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஈரல் மாற்றி மூன்று வருடம் ஆகியிருந்தது. வயிற்றுக்குள் இருப்பது என் தங்கை அறுத்துக் கொடுத்த துண்டு. அதை என் உடம்பு விரட்டிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. ஆகவே சாணம், மண், பூசணம் பிடித்த தழை எதன் பக்கமும் போகாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதல் வருடம் கலெக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தே விவசாயம் பார்த்தேன். மூன்றாம் வருடம் தைரியம் வந்துவிட்டது.

ஜவ்வாது மலையில் நாலு நாள் அடைமழை. அடிவாரத்தில் எங்கள் கொல்லையிலிருந்த கடலைக்கொடிப் போர் நனைந்து உள்ளே சூடேறிவிட்டது. பிரித்து உதறிக் காயவைக்காவிட்டால் மாட்டுக்குத் தீனி இல்லை. கவசத்தோடுதான் போனேன். போருக்குப் பக்கத்தில் கட்டியிருந்த பசு என் முகத்தைப் பார்த்துக் கயிற்றை அறுக்கப் பார்த்தது. கழற்றினேன். உதற உதறச் சாம்பலாய்த் தூசி பறந்தது. பசு நிம்மதியாக அசைபோட்டது.

பிறகு இருமல். போளூர் மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய டானிக்கில் பத்து நாள் போயிற்று. சளியில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரி. நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். மாத்திரையைக் குறைத்தால்தான் பூஞ்சை அடங்கும். குறைத்தால் ஈரலை உடம்பு தள்ளிவிடலாம். அன்றைக்கே குறைத்தார்கள்.

நாலாம் நாள் கண்ணமங்கலத்திலிருந்து தங்கை பஸ் பிடித்து வந்தாள். ஈரல் கொடுத்ததற்காக மாமியார் வீட்டில் ஒரு வருடம் பேச்சு வாங்கியவள். இன்னமும் உட்காரும்போது வலப்பக்கம் கையை வைத்துக்கொள்கிறாள்.

"போரை எதுக்குண்ணா நீ பிரிச்ச?"

"மழைல வீணாப் போவுதேன்னு."

"மூஞ்சில போட்டிருந்தத ஏன் கயட்டுன?"

"மாடு மிரண்டுச்சும்மா."

"மிரண்டா இன்னா, செத்தா போய்டும்?"

காலையில் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரல் தாங்குகிறதா இல்லையா என்பது அதில்தான் தெரியும். வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

"பயப்படாத. உன் ஈரலாச்சே, கோவிச்சுக்கினு பொறந்த வூட்டுக்குக் கெளம்பினாலும் உன்கிட்டதான் வரும்."

அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குச் சிரிப்பு வரலண்ணா."