நின்று பார்க்கும் இடம்

ஞாயிறு, மாலை நாலரை. செந்துறைக்கும் ஆண்டிமடத்துக்கும் நடுவே ஒரு கால்பந்து மைதானம். கோலுக்குப் பின்னால் சவுக்குக் கம்புத் தடுப்பு கட்டி, நின்று பார்க்கும் இடத்தை இன்று மறுபடி திறக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கோல் விழுந்தபோது கூட்டம் முன்னால் சாய்ந்து, இங்கே வேலியில் நசுங்கி ஒருவர் இறந்தார். அதன் பிறகு நாற்காலி மட்டும்தான்.

இறந்தவரின் அண்ணன் செல்வராசு, தடுப்புக்கு மைதானப் பக்கம், செய்தி எழுத வந்த என் அருகில் நிற்கிறார். அவர் சம்மதம் எழுதிக் கொடுத்தால்தான் திறப்பது என்று ஊரில் முடிவாம்.

“ஏங்க எழுதிக் குடுத்தீங்க?”

“ஊரே வூட்டு வாசல்ல வந்து நின்னுச்சு சார். உக்காந்து பாக்க இது என்ன கல்யாணமான்னு கேக்குறானுவ. என் தம்பி இருந்தாலும் அதத்தான் கேப்பான்.”

அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: ஆட்டம் முடியும்வரை அவர் இங்கே நிற்பார். முகம் கூட்டத்தைப் பார்த்து, முதுகு ஆட்டத்துக்கு.

கோல் விழுகிறது. மொத்தக் கூட்டமும் முன்னால் சாய, கம்பு வளைகிறது.

“பின்னால போங்கடா!”

இரண்டு கையாலும் கம்பைத் தள்ளிப் பிடிக்கிறார். கூட்டம் மெல்லப் பின்வாங்குகிறது. கையை எடுக்காமல், திரும்பாமல், என்னைக் கேட்கிறார்:

“யாரு சார் அடிச்சது, நம்மாளா?”